மன்னித்த உதையும் மன்னிக்காத அடியும்

மே 22, 2016, ஞாயிறு. ஃப்ரீமாண்ட்

என்.பி.ஏ. கூடைப்பந்து லீகின் மேற்குப் பிரிவு இறுதித் தொடர். ஓக்லஹோமா சிட்டியில் இன்று மூன்றாவது ஆட்டம். ஓக்லஹோமாவின் தண்டர் 133, எங்கள் வாரியர்ஸ் 105. பருவம் முழுக்க 73 ஆட்டம் ஜெயித்து சிகாகோ புல்ஸின் பழைய சாதனையை முறியடித்த அணி, இப்படி உதை வாங்கும் என்று இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வீட்டில் ஸ்கோரைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இரண்டாவது கால்பகுதியில் எங்கள் டிரேமண்ட் கிரீன் பந்தோடு மேலே எழும்பினார். தண்டரின் ஸ்டீவன் ஆடம்ஸ் தடுத்து ஃபவுல் செய்தார். கிரீனின் கால் விசையாக மேலே வந்து ஆடம்ஸின் உயிர்நிலையில் பட்டது. அத்தனை பெரிய மனிதர் அப்படியே மடங்கிச் சரிந்தார். நடுவர்கள் வீடியோ பார்த்துவிட்டு ஃபிளேக்ரண்ட் 1, அதாவது வரம்பு மீறிய ஃபவுலில் கீழ்ப்படி, என்றார்கள். கிரீன் தொடர்ந்து ஆடினார்.

மில்பிடாஸிலிருந்து வந்திருந்த அண்ணா, "ஃபவுல் வாங்கறப்ப காலைத் தூக்கி ஆட்டறது எல்லாரும் செய்யறதுதாம்மா. ஆடம்ஸ் அங்க நின்னது அவன் நேரம்" என்றான்.

என் மகள் பள்ளி அணியில் சென்டர் ஆடுகிறாள். அவள் விடவில்லை. "போன ஆட்டத்துலயும் இதே ஆள், இதே இடம், மாமா. அப்ப முழங்கால்."

அண்ணா பதில் சொல்லவில்லை.

நேற்று டொரண்டோவில், கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் நடந்ததையும் எழுதிவைக்க வேண்டும். ஆட்டம் முடியும் தறுவாயில் கிளீவ்லாண்டின் டான்டே ஜோன்ஸ், டொரண்டோவின் பிஸ்மாக் பியோம்போவை அதே இடத்தில் அடித்தார். லீக் இன்று அவருக்கு ஓர் ஆட்டம் தடை விதித்துவிட்டது. ஜோன்ஸ் பெஞ்சின் கடைசி நாற்காலிக்காரர். கிரீனுக்கு என்ன தீர்ப்பு வருகிறது என்று பார்க்கிறேன்.

மே 23, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. ஃபிளேக்ரண்ட் 1 என்பதை 2 ஆக்கினார்கள், 25,000 டாலர் அபராதம், தடை இல்லை. ஐந்து ஆண்டுக்கு 82 மில்லியன் டாலர் ஒப்பந்தம் உள்ளவருக்கு அந்தத் தொகை உறைக்காது.

நான் வாரியர்ஸ் ரசிகை. நாளை கிரீன் ஆடுவார் என்பது எனக்கு நல்ல செய்தி. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஆட்டத்தின் நடுவே ஃபிளேக்ரண்ட் 2 கொடுத்திருந்தால் அவர் அப்போதே வெளியேறியிருக்க வேண்டும். அந்த உதை அவ்வளவு மோசம் என்று லீக்கே இன்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு நிமிட ஆட்டம்கூட அவரிடமிருந்து கழியவில்லை. ஜோன்ஸுக்கு ஒரு நியாயம், கிரீனுக்கு ஒரு நியாயம். ஓக்லஹோமாக்காரர்கள் கொதிப்பதில் என்ன தவறு?

மே 24, செவ்வாய்

கிரீன் ஆடினார். 118-94 என்று தோற்றோம். அவர் எடுத்தது 6 புள்ளி. தொடரில் 3-1 என்று பின்னால் நிற்கிறோம்.

மே 30, திங்கள்

மீண்டுவிட்டோம்! மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துத் தொடரை எடுத்தோம். சனிக்கிழமை ஓக்லஹோமாவில் எங்கள் கிளே தாம்சன் மூன்று புள்ளி வீச்சுகள் மட்டும் 11 போட்டு 41 புள்ளி எடுத்தார். இன்று ஓக்லண்டில் 96-88. அண்ணா தொண்டை கட்டும்வரை கத்தினான். மகள் மட்டும் கை குலுக்கும் நேரத்தில் ஆடம்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொடர் முழுக்க ஆடம்ஸ் இடித்தார், இடிபட்டார், ஸ்க்ரீன் போட்டு ஆட்களைச் சாய்த்தார். அதெல்லாம் முரட்டு ஆட்டம். கூடைக்கு அடியில் அப்படித்தான் ஆட முடியும். மகளுக்கும் அவள் கோச் இடுப்பைத் தாழ்த்தி எதிராளியைப் பின்னால் தள்ளி ரீபவுண்ட் எடுக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார். அதில் வலி உண்டு. எதிராளிக்கு அது வருவது தெரியும், உடம்பை இறுக்கிக்கொள்ளலாம். உயிர்நிலையில் விழும் உதைக்கு உடம்பை எப்படி இறுக்கிக்கொள்வது? என் கோடு அங்கே இருக்கிறது.

ஜூன் 10, வெள்ளி

பகலில் லூயிவில்லில் முகமது அலியை அடக்கம் செய்தார்கள். இரவு கிளீவ்லாண்டில், கிளீவ்லாண்டுக்கு எதிரான இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம். 108-97 என்று ஜெயித்தோம். 3-1. இன்னும் ஒன்று போதும்.

கடைசி மூன்று நிமிடத்துக்குள் ஓர் உரசல். கிளீவ்லாண்டின் லெப்ரான் ஜேம்ஸும் கிரீனும் பின்னிக்கொண்டதில் கிரீன் விழுந்தார். லெப்ரான் சுற்றிப் போகாமல் கீழே கிடந்தவரைத் தாண்டிப் போனார். கிரீன் கையை வீசினார். கை எங்கே பட்டது என்பதை வீடியோவில் ஒரு முறை பார்த்தாலே தெரிகிறது. பிறகு இருவரும் நெஞ்சோடு நெஞ்சு முட்டி வார்த்தையில் இறங்கினார்கள். நடுவர்கள் ஃபிளேக்ரண்ட் எதுவும் ஊதவில்லை.

எனக்கு அடிவயிறு கலங்கியது. கிரீன் கணக்கில் ஏற்கெனவே 3 இருக்கிறது.

ஜூன் 11, சனி

கணக்கை அண்ணாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். பிளேஆஃப் முழுவதற்கும் ஒரே பற்று நோட்டு. ஃபிளேக்ரண்ட் 1 என்றால் ஒரு புள்ளி, 2 என்றால் இரண்டு. மூன்றைத் தாண்டினால் அடுத்த ஆட்டம் தானாகவே தடை. ஏப்ரலில் முதல் சுற்றில் ஹூஸ்டனின் மைக்கேல் பீஸ்லியைக் கீழே இழுத்துப் போட்டதற்கு ஒன்று, ஆடம்ஸுக்கு இரண்டு. இனி ஒன்று ஏறினால் நான்கு.

"ஊதவே இல்லையேம்மா, அப்புறம் எப்படி?" என்றான்.

ஊதாததையும் மறுநாள் வீடியோவில் பார்த்து ஏற்ற லீகுக்கு அதிகாரம் உண்டு. பீஸ்லி விஷயத்திலும் அப்படித்தான் பின்னால் ஏற்றினார்கள்.

ஜூன் 12, ஞாயிறு

காலையிலிருந்து ஆர்லாண்டோ துப்பாக்கிச் சூட்டுச் செய்தி. அங்கே ஓர் இரவு விடுதியில் மாண்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பார்க்க முடியாமல் தொலைக்காட்சியை அணைத்து வைத்திருந்தோம். அதனால் லீகின் அறிவிப்பு அண்ணா வீட்டுக்குள் நுழைந்து சொல்லித்தான் தெரிந்தது. கிரீனுக்கு ஃபிளேக்ரண்ட் 1. லெப்ரானுக்கு ஒரு டெக்னிக்கல் ஃபவுல். நான்காம் புள்ளி ஏறிவிட்டதால் நாளைய ஐந்தாவது ஆட்டத்துக்குக் கிரீன் அரங்குக்குள்ளேயே வரக் கூடாது.

மாலை முழுவதும் எங்கள் வீட்டு முன்முற்றத்தில் வழக்குதான். எதிர்வீட்டுப் பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டெட்ராய்ட்டில் பிறந்தவர், கிரீன் மிஷிகன் மாநிலத்தின் சாகினாவில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கு ஊர்ப்பிள்ளை மாதிரி. என் அலுவலக நண்பர் ஒருவரும் இருந்தார். லெப்ரானின் ஊரான அக்ரனில் பிறந்தவர், கிளீவ்லாண்ட் பக்தர்.

அண்ணாவின் முதல் வாதம் தாண்டியது பற்றி. படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது என்று அம்மா எங்களை எத்தனை முறை திட்டியிருப்பார்! தெரியாமல் தாண்டிவிட்டால் திரும்பத் தாண்ட வைத்துவிட்டுத்தான் விடுவார். அந்த அவமதிப்பு எங்கள் இருவருக்கும் உடனே உறைத்தது. அமெரிக்கக் கூடைப்பந்திலும் அது அவமதிப்புதான். 2001 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஆலன் ஐவர்சன் பந்தைப் போட்டுவிட்டு, கீழே விழுந்து கிடந்த லேக்கர்ஸ் வீரரைக் காலைத் தூக்கித் தாண்டிய காட்சியை இன்றும் போட்டுக்காட்டுகிறார்கள். அப்படித் தாண்டப்பட்ட டைரன் லூதான் இன்று கிளீவ்லாண்டின் பயிற்சியாளர். அவர் அன்று கையை வீசவில்லை. எழுந்து ஆடினார். அண்ணாவிடம் அதைத்தான் சொன்னேன். லெப்ரான் செய்தது சீண்டல்; அதற்குத்தான் டெக்னிக்கல். சீண்டினான் என்பதற்காக உயிர்நிலையில் அடிக்கலாம் என்று ஆகாது.

பெரியவரின் வாதம் வேறு. எண்பதுகளில் இதற்கெல்லாம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்றார். பில் லேம்பியர், ரிக் மஹோர்ன் என்று டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் காலத்துப் பெயர்களை வரிசையாகச் சொன்னார். 1984 இறுதித் தொடரில் பாஸ்டனின் கெவின் மெக்ஹேல், கூடையை நோக்கி ஓடிவந்த லேக்கர்ஸின் கர்ட் ராம்பிஸின் கழுத்தில் கையைக் கொடுத்து வீழ்த்தினாரே, அவரை வெளியேற்றினார்களா என்று கேட்டார். இல்லைதான். பாஸ்டன் அந்த ஆட்டத்தையும் ஜெயித்தது, தொடரையும் ஜெயித்தது.

பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காலத்தைப் பேசுகிறவர்கள் 1977 டிசம்பர் 9-ஐ ஏன் விட்டுவிடுகிறார்கள்? அன்று நடந்த கைகலப்பை விலக்க ஓடிவந்த ஹூஸ்டனின் ரூடி டாம்யானோவிச்சை, லேக்கர்ஸின் கெர்மிட் வாஷிங்டன் திரும்பி ஒரே குத்தில் சாய்த்தார். முக எலும்புகள் நொறுங்கின, மூளைத் தண்டுவட நீர் கசிந்தது, பிழைத்தது மறுபிறவி. வாஷிங்டனுக்கு 60 நாள் தடை. 26 ஆட்டம் போயிற்று. அதன் பிறகும் லீக் மெல்லத்தான் நகர்ந்தது. ஃபிளேக்ரண்ட் விதியை இறுக்கியது 1990-91 பருவத்தில், பிஸ்டன்ஸ் ஆட்டத்தை எல்லோரும் பார்த்துச் சலித்த பிறகு. அந்தக் காலத்து வீரர்கள் உறுதியானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களுக்குக் காவல் இல்லை என்பதும் உண்மை. பெரியவர் டாம்யானோவிச்சை நினைத்துத் தலையை ஆட்டினார். வாதத்தை விடவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கனமாக இருந்தது. "ஏழு ஆட்டம் நடந்தாத்தான் டிவிக்காரனுக்குக் காசு. அதுக்காகத் தொடரை இழுக்கறாங்க" என்றான் அண்ணா. அக்ரன் நண்பர் கோபப்பட்டார். நான் கோபப்படவில்லை. இந்தச் சந்தேகத்துக்கு விதை போட்டது லீக்தான். மே 23-இல் அவர்கள் உதையை மட்டும் பார்த்திருந்தால் கிரீனும் ஜோன்ஸைப் போல ஓர் ஆட்டம் வெளியே உட்கார்ந்திருப்பார். நட்சத்திரம், பெரிய அணி, சூடான தொடர் என்று எதையோ பார்த்தார்கள். அன்று அப்படிப் பார்த்தவர்கள் இன்று அடியை மட்டுமே பார்த்தோம் என்றால் யார் நம்புவார்கள்? இன்றைய தீர்ப்பு சரி. அந்த அடி ஃபிளேக்ரண்ட் 1-க்குக் குறைந்ததாக இருக்கவே முடியாது. அதற்கு மேல் கணக்கு தானாக வேலை செய்தது. ஆனால் தனியாக எடுத்து வைத்தால் வெள்ளிக்கிழமை அடி ஓக்லஹோமா உதையில் பாதிகூட இல்லை. பெரியதற்கு ஆட்டம் கழியவில்லை, சிறியதற்குக் கழிந்தது, அதுவும் கோப்பைக்கு ஒரு படி கீழே. சாதாரண ரசிகனின் கண்ணுக்கு அது சதியாகத்தான் தெரியும்.

கிரீனுக்கும் இதில் அநியாயம் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளை முதல் முறை கை ஓங்கும்போதே உட்காரவைத்திருந்தால், லெப்ரான் தாண்டிய நொடியில் அந்த ஓர் ஆட்டம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். கையை மடக்கியிருக்கலாம். 25,000 டாலர் யாருக்கு ஞாபகம் வரும்?

கிளம்பும்போது அக்ரன் நண்பர், "கிரீனும் ஆடி, அப்ப உங்களை ஜெயிச்சாத்தான் எங்களுக்குப் பெருமை" என்றார். மனதாரச் சொன்னதாகவே பட்டது.

ஜூன் 13, திங்கள்

112-97. தோற்றோம். லெப்ரான் 41, கைரி இர்விங் 41. ஓர் இறுதி ஆட்டத்தில் ஒரே அணியின் இருவர் நாற்பதைத் தாண்டியது இதுவே முதல் முறை. பாதி ஆட்டத்தில் 61-61 என்று சமமாக இருந்தது. பிறகு எங்கள் சென்டர் ஆண்ட்ரூ போகட்டும் முழங்காலில் அடிபட்டுப் போய்விட்டார். கூடைக்கு அடியில் காவலே இல்லாமல் போயிற்று. இர்விங் நுழைந்து நுழைந்து போட்டதைப் பார்த்தபோது கிரீன் இல்லாத ஓட்டை எங்கே என்று மகளுக்கே தெரிந்தது. கிரீன் அரங்கை ஒட்டிய பேஸ்பால் மைதானத்தில், அணியின் பொது மேலாளர் பாப் மையர்ஸோடு ஓர் அறையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தாராம். ஜெயித்தால் உடனே ஓடிவரலாம் என்று.

ஜூன் 16, வியாழன்

கிளீவ்லாண்டில் 115-101 என்று தோற்றோம். மறுபடி லெப்ரான் 41. கிரீன் திரும்பி வந்திருந்தார். எங்கள் ஸ்டெஃபன் கரி ஆறாவது ஃபவுல் வாங்கி, பல்காப்பைக் கழற்றி வீசினார். அது முன்வரிசை ரசிகர் ஒருவர் மேல் பட்டது. எங்கள் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் நடுவர்களைக் கடிந்து பேசினார். கரியின் மனைவி, காசுக்காக ஆட்டத்தைத் திருப்பிவிட்டார்கள் என்று எழுதிவிட்டுப் பிறகு அழித்தார். அண்ணா மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது நாடே சொல்கிறது.

ஜூன் 19, ஞாயிறு

முடிந்தது. கிளீவ்லாண்ட் 93, வாரியர்ஸ் 89. இறுதித் தொடரில் 3-1-இலிருந்து மீண்ட முதல் அணி. 1964-க்குப் பிறகு அந்த நகரத்துக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை. அக்ரன் நண்பர் தொலைபேசியில் அழுதார், வாழ்த்தினேன்.

கிரீன் இன்று ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது? 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். இரண்டு அணியிலும் அவருக்கு மேல் புள்ளி எடுத்தவர் இல்லை. உடம்பை முழுக்கக் கொடுத்தார், முரட்டுத்தனமாக ஆடினார், ஒருவரையும் தொடக்கூடாத இடத்தில் தொடவில்லை. இப்படி ஆடத் தெரிந்தவர் ஐந்தாவது ஆட்டத்தில் இல்லாமல் போனாரே என்றுதான் நெஞ்சு எரிகிறது.

அந்தத் தடை இல்லாவிட்டால் ஜெயித்திருப்போம் என்று அண்ணா சத்தியம் செய்கிறான். நான் அப்படிச் சொல்லமாட்டேன். லெப்ரான் ஆடிய ஆட்டத்துக்கு முன்னால் யாராலும் அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. நான் சொல்வது ஒன்றுதான். மே 24-ஆம் தேதி ஆட்டத்தில் கிரீனைத் தடை செய்திருக்க வேண்டும். அவரை வைத்துக்கொண்டே 24 புள்ளியில் தோற்ற ஆட்டம் அது.