தகரச் சத்தம்

பதிவு போட்டு மாசம் மூணாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா இன்னிக்கு சொல்லப்போற விஷயமே நிஜ ஆணி, நிஜ சுத்தியல் சம்பந்தப்பட்டதுதான்.

பெர்லின் வந்து ரெண்டு வருஷமாகுது. ஞாயிறானா மவுவர்பார்க் பழைய சாமான் சந்தையில பொழுது போயிடும். போன வாரம் சிடி பெட்டி ஒண்ணைக் கிளறிட்டிருந்தப்ப 'ஸ்ட்ராட்டஜீஸ் அகெயின்ஸ்ட் ஆர்க்கிடெக்சர்' கையில மாட்டுச்சு. கட்டடக்கலைக்கு எதிரான வியூகங்கள்! படிச்சது சிவில், பொழைக்கிறது சாஃப்ட்வேர், தினமும் மல்லுக்கட்டறது ஆர்க்கிடெக்டுகளோட. இந்தத் தலைப்பை விட்டுட்டு வர மனசு வருமா? நாலு யூரோ.

ரூம்ல இருந்த பழைய பிளேயர்ல போட்டேன். ரெண்டாவது பாட்டுல கூட இருக்கற பையன் ஓடி வந்து, வாஷிங் மெஷின்ல காசு எதாச்சும் மாட்டிக்கிச்சான்னு கேட்டான்.

அவன் மேல தப்பில்லை. குழுவின் பெயர் ஐன்ஸ்டூர்ட்சென்டே நொய்பவுட்டன். 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று அர்த்தம். நொய்பவ் என்றால் இந்த ஊரில் போருக்கு அப்புறம் எழும்பிய கட்டடம் (நான் குடியிருக்கறதும் அதுல ஒண்ணுதான், ஹிஹி). மேற்கு பெர்லினில் 1980 ஏப்ரல் 1-ம் தேதி முதல் கச்சேரி. ஏழு வாரம் கழித்து, மே 21 அன்று, அதே ஊரில் காங்கிரஸ் ஹாலின் கூரை நிஜமாகவே இடிந்து விழுந்து ஒருத்தர் உயிரும் போனது. 1957-ல் கட்டினது. கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டியிருந்த கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. 1987-ல் திரும்பக் கட்டித் திறந்த அந்த ஹாலை சைக்கிளில் தாண்டும்போதெல்லாம் என்னையறியாம அண்ணாந்து பார்ப்பேன். சிவில் படிச்ச வியாதி.

பாடுறவர் பிளிக்ஸா பார்கெல்ட். தாளம் என்.யு. உன்ரூ. காசில்லாம உன்ரூ தன்னோட டிரம்ஸையே வித்துட்டாராம். அப்புறம் எதை அடிக்கறது? தகரம், இரும்புத் தகடு, ஸ்பிரிங்னு கண்ணுல பட்டதையெல்லாம். 1980 ஜூன்ல ரெண்டு பேரும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தோட இரும்பு வயித்துக்குள்ள புகுந்து வாசிச்சு கேசட்ல பதிவு பண்ணினாங்க. இன்னிக்கு மாதிரி போன்ல ஒரு பட்டனைத் தட்டற கதையில்லை.

நான் வாங்கினது இந்த வரிசையில் முதல் தொகுப்பு. 1980 முதல் 1983 வரையிலான சரக்கு, 1984-ல் வந்தது. அப்புறம் 1991, 2001, 2010-னு மொத்தம் நாலு தொகுப்பு. பொதுவா இந்த மாதிரி 'அரிய பாடல்கள்' தொகுப்புன்னா எனக்கு அலர்ஜி. ஆல்பத்துல சேர்க்க லாயக்கில்லைன்னு தள்ளினதைக் கூட்டி அள்ளி விக்கறாங்கன்னு நினைப்பேன். இது அப்படியில்லை. 1981-ல் வந்த முதல் ஆல்பம் 'கோலாப்ஸ்'லேருந்து சில பாட்டு, 'கால்ட்டே ஷ்டெர்னே' மாதிரி சின்ன ரிக்கார்டுல வந்த பாட்டு, கச்சேரித் துண்டுன்னு கலந்து கட்டி இருக்கு. ஒரு பாட்டுக்குப் பேரே 'திருடின டேப்'! 'ஷ்வார்ட்ஸ்' ரெண்டு தடவை வருது, ரெண்டாவது தடவை உருமாறி. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டப்பதான் புரிஞ்சுது. இவங்களுக்கு முடிஞ்ச பாட்டுன்னு ஒண்ணு கிடையாது. எல்லாமே வெர்ஷன்தான். கோலாப்ஸ் கேட்டா என்ன கட்டினாங்கன்னு தெரியும். இதைக் கேட்டா எப்படித் தடவித் தடவிக் கண்டுபிடிச்சாங்கன்னு தெரியுது. என்னைக் கேட்டா ஆல்பத்தை விட இதுதான் உசத்தி. (பின்னாளில் பார்கெல்ட் ஒரு ஹார்டுவேர் கடை விளம்பரத்துல அந்தக் கடை கேட்லாகை கவிதை மாதிரி வாசிச்சார். பொருத்தமான வேலைதான்.)

சரி, இதையெல்லாம் ஏன் எழுதறேன்னா...

ஹாஸ்டல்ல மூணாவது வருஷம் நானும் ரூம்மேட்டும் இதே வேலையைத்தான் செஞ்சிட்டிருந்தோம். நொய்பவுட்டன் பேர்கூட தெரியாது. கவுத்துப் போட்ட பக்கெட், மெஸ் தட்டு, லேப்ல இழுத்து உடைச்சுப் பார்த்துட்டுத் தூக்கிப் போடற கம்பித் துண்டு. அவன் அடிப்பான், நான் போன்ல பதிவு பண்ணுவேன். இருபதுக்கு மேல ஃபைல் இருந்துச்சு. படிப்பு முடிஞ்சதும் ஒரு வருஷம் ரூம் எடுத்து இதையே ஒழுங்கா செய்யலாம்னு பேச்சு. நான் அவன்கிட்ட சொல்லாமலே கேம்பஸ் ஆஃபருக்குக் கையெழுத்துப் போட்டேன். அவனுக்கு அது வேற ஆள் மூலமா தெரிஞ்சுது. சண்டைகூட போடலை, பேச்சைக் குறைச்சுக்கிட்டான், அவ்வளவுதான். இப்ப சைட் இன்ஜினியரா இருக்கான்னு கேள்வி.

இங்க கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி லேப்டாப்பை ஃபார்மட் பண்ணினேன். அந்த ஃபோல்டரைப் பார்த்தேன். பார்க்காம அழிச்சேன்னு சொன்னா பொய். எல்லாம் அரைகுறை, எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டுன்னு தோணுச்சு. காப்பி எடுத்து வச்சது பூரா ரிலீசிங் லெட்டரும் சேலரி ஸ்லிப்பும்.

சிடி முடிஞ்சப்ப ராத்திரி பதினொண்ணு. ஊர்ல விடிஞ்சிருக்காது. அவன் பழைய நம்பருக்கு அனுப்பினேன்: "டேய், அந்த பக்கெட் ரெக்கார்டிங் எதாச்சும் உன்கிட்ட இருக்கா?" நாலு வருஷத்துல முதல் மெசேஜ். நல்லா இருக்கியான்னுகூட கேக்கலை. கேக்க வாய் வரலை.

அடுத்த நாள் மதியம் மீட்டிங்ல இருந்தப்ப பதில் வந்துச்சு. வார்த்தை ஒண்ணுமில்லை, வெறும் ஒரு ஆடியோ ஃபைல். 47 செகண்ட். பாத்ரூம்ல போய் நின்னு கேட்டேன். பக்கெட், தட்டு, நடுவுல நான் தாளம் தப்பறது, அவன் சிரிக்கறது. கடைசியில எங்க ரூம் நம்பரைச் சொல்லி வார்டன் கத்தறார்.