புதையல் தேடலாம்... தோண்டக் கூடாது! ஓசூர் பக்கம் ஒரு ஜி.பி.எஸ் விளையாட்டு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'புதையல்' என்ற சொல்லுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. மல்லசந்திரம் மலைப் பாறைமீது, இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்திட்டைகள் இருக்கின்றன. சுற்றிலும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. பார்க்கச் சின்னக் கல்வீடு மாதிரியே இருக்கும். உள்ளே தங்கம் இருக்கும் என்று நம்பி, இதுபோன்ற கல்திட்டைகளைக் கடப்பாரையால் பெயர்த்துப் போட்டவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. ஆயிரக்கணக்கான வருடங்கள் நின்ற கல், ஒரே ராத்திரியில் விழுந்துவிடும்.

ஆனால், எதையும் உடைக்காத புதையல் வேட்டை ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. பெயர், ஜியோகேச்சிங்.

2000 மே 2 அன்று, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர், ஓரிகான் மாநிலத்தின் காட்டோரத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். தேடிப் போனவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான், விளையாட்டு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பெட்டியைக் கண்டுபிடித்தால் உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. சாப்பிடும் பொருள் வைக்கவே கூடாது.

கடைசி விதியின் அருமை ஓசூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ராகி முற்றும் பருவத்தில், கர்நாடகாவின் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வந்துவிடும். காட்டுக்குள் ஒரு பிஸ்கட் டப்பாவைச் செருகிவைப்பது விளையாட்டல்ல, வம்பு. அதோடு, அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம்.

அப்படியென்றால் இங்கே விளையாடவே முடியாதா? முடியும். இதே விளையாட்டில் 'எர்த்கேச்' என்று ஒரு வகை 2004-ல் வந்தது. இதில் பெட்டியே கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்கிருக்கும் பாறையையோ மலையையோ உற்றுப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். கண்டதுதான் புதையல்!

ஓசூர் சிப்காட்டில் வாரம் ஆறு நாள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, ஏழாவது நாளையும் மொபைலிலேயே கரைக்கும் குடும்பங்களுக்கு இது பொருத்தமான விளையாட்டு. அதே மொபைல்தான், ஆனால் வீட்டைவிட்டு வெளியே அழைத்துப் போகும். காட்டுக்குள் நடக்க ஆசையா? 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில், இந்த மாவட்டத்தின் அய்யூர் - சாமி ஏரி பாதையும் ஒன்று. முன்பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் பாதைகளை மூடுவதுண்டு என்பதால், தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காடு வேண்டாம் என்றால், மல்லசந்திரம் போகலாம். கல்லைத் தொட வேண்டாம், ஏற வேண்டாம், பெயரைக் கிறுக்க வேண்டாம். பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கல்திட்டையின் அந்த வட்டத் துளை எந்தத் திசையைப் பார்க்கிறது? போனில் திசைகாட்டியைத் திறந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். 'ஏன் அந்தத் திசை?' என்று அடுத்த கேள்வியை அவர்கள் கேட்டால், புதையல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.