தாலாட்டின் இறக்கம்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய மிக்ஸை நேற்று ராத்திரி, வீடு அடங்கிய பிறகு ஹெட்ஃபோனில் மூன்று தடவை கேட்டேன். அம்மாவின் தாலாட்டைப் பதிந்து வைக்க உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் மனசில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்மா ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரலை இறக்கிக்கொண்டே போவாள். அந்த இறக்கத்தில்தான் நமக்குக் கண் சொருகும். உன் மிக்ஸில் அது இல்லை. தொடக்கமும் முடிவும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. நடுவில் அம்மா மூச்சிழுப்பது பாட்டைவிடப் பெரிதாகக் கேட்கிறது.

செஷனைத் திறந்து பார்த்தேன். 1176 கம்ப்ரஸர் ப்ளகினில் அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் இரண்டும் வலக்கோடியில் இருக்கின்றன. மெதுவாக இருக்கட்டும் என்று திருப்பியிருப்பாய். 1967இல் பில் புட்னம் கொண்டுவந்த அசல் 1176 பெட்டியில் வலப்பக்கம் போகப் போக வேகம்தான் கூடும். அட்டாக் 20 மைக்ரோ விநாடிக்குப் போய், ‘கண்ணே’யின் ககரம் முனை மழுங்கிவிட்டது. ரிலீஸ் 50 மில்லி விநாடி. பிடித்த குரலை உடனே விட்டுவிடுவதால் மூச்சு மேலே எழும்புகிறது.

1176ஐ எடுத்துவிட்டு எல்ஏ-2ஏ கம்ப்ரஸரைப் போடு. அசல் கருவிக்குள் ஒரு விளக்கு உண்டு. குரல் உயர்ந்தால் அது பிரகாசமாகும். எதிரே இருக்கும் ஒளி உணரி அந்த அளவுக்குச் சத்தத்தைத் தணிக்கும். குரல் தணிந்ததும் பிடியில் பாதியைச் சுமார் 60 மில்லி விநாடியில் விட்டுவிடும். மீதியை விடச் சில விநாடிகள்கூட எடுத்துக்கொள்ளும். தூங்கிய குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி. அந்த நிதானத்தைத்தான் ப்ளகின் நமக்குத் தருகிறது.

முதலில் துருத்தும் சொற்களைக் கிளிப் கெயினில் கையாலேயே குறைத்துவிடு. பிறகு பீக் ரிடக்‌ஷனைத் திருப்பு. உரத்த இடத்தில் முள் 3 டெசிபல் இறங்கினால் போதும். பைபாஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி கெயினை வை. கூடுதல் சத்தம் எப்போதுமே காதுக்கு நல்லதாகத் தோன்றி ஏமாற்றும்.

கடைசியில் திரையை அணைத்துவிட்டுக் கேள். வரியின் முடிவில் அம்மா தூரமாகப் போகிற மாதிரி இருந்தால் சரி. அனுப்பி வை, பாப்பாவைத் தூங்க வைக்கும்போது போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா