அவளிடம் பெயரைக் கேள்

ஏழாயிரம்பண்ணை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மச்சானும் நல்ல சுகம். தீபாவளிக்கு அடைத்த வெடி ஆபீஸ்கள் இன்னும் திறக்கவில்லை. பூஜை போட நாளாகும் என்கிறார்கள். ஊர் சத்தமில்லாமல் கிடக்கிறது.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எத்தனையோ வருஷம் கழித்து உனக்குக் கடிதம். இதையும் கோபத்தில் கீழே வைத்துவிடுவாய். வைத்துவிடு, ராத்திரி எடுத்துப் படி.

உன் பிள்ளை பதினோரு நாளாக என் வீட்டில் இருக்கிறாள். ஆமாம், இருக்கிறாள். முதல் ரெண்டு நாள் எனக்கும் "வாடா, சாப்பிடுடா" என்றுதான் வாயில் வந்தது. சொல்லும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். மூணாம் நாள் நாக்கு பழகிவிட்டது. அவள் ஓடிப்போய்விட்டாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாமே? அவள் அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள். அப்படியே சொல்.

மதுரையில் ஒரு டாக்டர் மருந்து கொடுத்து மாற்றிவிடுவார் என்றாயே, அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடு. அவள் செல்போனில் தீர்ப்பைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். மதுரைப் பக்கத்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்குப் போயிருக்கிறார்கள். பெற்றவர்கள் காணவில்லை என்று போலீசுக்குப் போனார்கள். அந்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்டவர்களை மருத்துவம் பார்த்து மாற்றுகிறேன் என்று யார் கிளம்பினாலும் அதைத் தடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர் அப்படிச் செய்தால் அது தொழில் ஒழுங்கை மீறிய குற்றம் என்று அறிவித்துவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பெரிதாகப் பட்டது வேறு. இந்த விஷயத்தில் தனக்கு விவரம் போதாது என்று அந்த நீதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் எழுதினார். நீதிபதியே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நீ பெற்ற அப்பன், ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் என்ன?

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் எட்டாவது படித்த வருஷம், பள்ளிக்கூடம் விட்டதும் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போவேனே, நீ சின்னப்பிள்ளை, நினைவிருக்காது. அங்கே எங்களோடு ஒரு பிள்ளை இருந்தது. ஆபீஸ் பதிவேட்டில் ஆண் பெயர். உட்காருவது எங்கள் வரிசையில். அந்தக் கை மாதிரி வேகமான கையை நான் அப்புறம் பார்க்கவில்லை. நாங்கள் ஒரு கட்டை முடிப்பதற்குள் அங்கே ரெண்டு முடிந்திருக்கும். முடியாத பிள்ளைகளுக்குச் சேர்த்து அடுக்கியும் கொடுக்கும். எனக்கு அடுக்கிக் கொடுத்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆபீஸ் வண்டியில் திரும்புகிறோம். அந்தப் பிள்ளை கனகாம்பரம் வைத்திருந்தது. பின்னாலிருந்து ஒருத்தன் பூவைப் பிய்த்து எறிந்தான். இன்னொருத்தன் அந்த நம்பரைச் சொல்லிக் கத்தினான். எந்த நம்பர் என்று உனக்குத் தெரியும், நான் எழுத மாட்டேன். வண்டியே சிரித்தது. தம்பி, நானும் சிரித்தேன். திங்கட்கிழமை அந்த இடம் காலியாக இருந்தது. பம்பாய்க்குப் போய்விட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். வடக்கே இருந்து யார் ஊருக்கு வந்தாலும் அந்தத் தாய் போய் விசாரிப்பாள். சாகும்வரை விசாரித்தாள்.

கை நீட்டியவன் ஒருத்தன், கத்தினவன் ஒருத்தன். வண்டியில் நாங்கள் நாற்பது பேர் இருந்தோம்.

போன செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு சாத்தூர் போனேன். சுடிதார் போட்டிருந்தாள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களைப் போலத் திருநங்கைகளுக்கும் கட்டணம் கிடையாது. கண்டக்டர் ஒன்றும் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு முன் சீட்டில் இருந்த பொம்பளை எழுந்து வேறு பக்கம் போனாள். பின்னாலிருந்து ரெண்டு பையன்கள் அதே நம்பரைச் சொன்னார்கள். நாற்பது வருஷமாக அந்த நம்பர் மாறவே இல்லை. எனக்குக் கால் நடுங்கியது. ஆனாலும் எழுந்துவிட்டேன். "என் தம்பி பொண்ணுடா இவ. இப்ப சொல்லுங்க, என்ன வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்டேன். பையன்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மற்ற யாரும் வாய் திறக்கவில்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் வெடி ஆபீஸ் வெடித்து இருபது பேருக்கு மேல் போனார்களே, அன்றைக்கு யார் எவர் என்று பார்க்காமல் ஓடிய சனம்தான் இது. கருகிக் கிடந்தவர்களைத் தூக்கத் தெரிந்தவர்களுக்குப் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேச வரவில்லை.

சாத்தூரில் இறங்கி டீக்கடைக்குப் போகிறவரை அவள் பேசவே இல்லை. டீ வந்த பிறகு கேட்டாள்: "அத்தை, தம்பி பொண்ணுன்னு சொன்னீங்களே... அப்பா காதுல விழுந்தா?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அது உன்னுடைய கேள்வி.

தை மாதம் பெரியவள் கல்யாணம். பத்திரிகையில் இவள் பெயரை விட்டுவிடலாம், கல்யாணம் முடிகிறவரை இவள் எங்கேயாவது இருக்கட்டும் என்று சொன்னாயாம். ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிறாய். தூத்துக்குடியில் 2018-ல் ஒரு திருநங்கைக்குச் சங்கர ராமேஸ்வரர் கோயிலில் கல்யாணம் நடந்தது. பதிவாளர் அலுவலகத்தில் பதிய மாட்டோம் என்றார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார், பதிவு செய்யுங்கள் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு சொன்னார். கோவில்பட்டியைத் தாண்டினால் தூத்துக்குடி. நம் பக்கத்து ஊர்க் கதைதான். 2008-லேயே நம் அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் வைத்தது. தன் பாலினத்தைச் சொல்லும் உரிமை அவரவருக்கே என்று 2014-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. எல்லாம் சரி. தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் பந்தியில் உட்கார முடியாது. வா, உட்கார், சாப்பிடு என்று கல்யாண வீட்டுக்காரன் கூப்பிட வேண்டும்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் அவள் பெயர் இல்லை என்றால் என் பெயரும் மச்சான் பெயரும் வேண்டாம். அவள் இல்லாத பந்தலில் அத்தை முறை செய்ய நான் நிற்க மாட்டேன். மச்சானிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன்னை மிரட்டுவதாக நினைக்காதே. அன்றைக்கு வண்டியில் சும்மா இருந்தவள், இந்தத் தடவை சும்மா இருக்க மாட்டேன்.

அவள் படிப்பையும் நிறுத்திவிடாதே. இன்னும் ஒரு வருஷம்தான். வீட்டை விட்டு விரட்டப்பட்டு, படிப்பு பாதியில் நின்ற பிள்ளைகள்தான் ரயிலில் கை தட்டுகிறார்கள். சேலத்து பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டு, தள்ளினதும் நீதிமன்றம் போய் 2015-ல் ஜெயித்தார். கையில் டிகிரி இருந்ததால்தான் அந்த மனுவையே போட முடிந்தது. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்து நீ கட்டுகிற ஃபீஸ் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கடைசி செமஸ்டருக்கு என் குழுப் பணம் வருகிறது. அதை வாங்கிக்கொள்.

2025 மே மாதம், தன் இணையிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்தபோது, எல்லாப் பெற்றோரும் நீதிபதி லீலா சேத்தைப் போல இருப்பதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் வருத்தப்பட்டது. தன் மகனுக்காக ஊரறியப் பேசிய தாய் அவர். அவ்வளவு பெரிய காரியத்தை நான் உன்னிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி நாங்கள் இங்கிருந்து புறப்படுகிறோம். நானும் கூட வருகிறேன். விடியற்காலை திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவோம். அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை இந்தக் கடிதத்தில் நான் எங்கேயும் எழுதவில்லை. அதை உன்னிடம் தானே சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு வா. பெயர் என்ன என்று அவளிடம் கேள்.

அன்புடன்,
அக்கா