பார்த்தலும் படமெடுத்தலும்

நுழையும்முன்

விளையாட்டைக் காணச் செல்லும் பலருடைய கையிலும் இன்று ஓர் ஒளிப்படக்கருவி இருக்கிறது. அது தனிக்கருவியாகவோ திறன்பேசிக்குள் அடங்கியதாகவோ இருக்கலாம். கண்டதைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ள விழைவது மனித இயல்பு. எனினும், பதிவுசெய்வதற்கு முன் காணத் தெரிந்திருக்க வேண்டும். டென்னிஸ் அரங்கில் பார்வையாளராக அமர்ந்து படமெடுப்பவர் அதனை எவ்வாறு கற்றுக்கொள்கிறார் என்பதை இக்கட்டுரை காட்டுகிறது.

அமைதியின் நடுவே

கால்பந்து அரங்கிலும் கபடி ஆடுகளத்திலும் ஆர்ப்பரிப்பு இடைவிடாமல் எழும். அங்கே கூச்சலே வீரர்களுக்கு ஊக்கம். டென்னிஸ் அரங்கின் மரபு வேறு. சர்வீஸ் செய்யவிருக்கும் வீரர் பந்தைத் தரையில் தட்டத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கானோர் வாய்மூடி அமைதி காப்பர். பந்து மட்டையில் படும் ஒலியும், காலணி தரையில் உராயும் ஒலியும் தொலைவரிசை வரை கேட்கும். ஒரு புள்ளி முடிந்த பிறகே கைத்தட்டல் எழும்.

அந்த அமைதிக்குள் படமெடுப்போர் இருவகையினர். செய்தி நிறுவனங்களின் ஒளிப்படக் கலைஞர்கள் ஆடுகளத்தை ஒட்டித் தமக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் நீண்ட லென்ஸ்களுடன் அமர்ந்திருப்பர். ஏனையோர் நுழைவுச்சீட்டு வாங்கி வந்த பார்வையாளர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஓர் இருக்கை மட்டுமே. பெரிய போட்டிகள் பலவற்றில் அவர்கள் மிக நீண்ட லென்ஸ்களைக் கொண்டுவருவதற்கும், எடுத்த படங்களை விற்பதற்கும் தடை உண்டு. இடமும் கருவியும் குறுகிய நிலையில் அந்தப் பார்வையாளரிடம் எஞ்சியிருப்பவை அவருடைய கவனமும் ஆட்ட அறிவும்தாம்.

ஓர் இருக்கையின் உலகம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள டென்னிஸ் அரங்கை எடுத்துக்கொள்வோம். 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் ஆடவர்க்கான சென்னை ஓப்பன் போட்டி அங்கு நடைபெற்றது. அரங்கின் பக்கவாட்டில் அமர்ந்த ஒருவருக்கு முதல் சில நிமிடங்களிலேயே ஓர் உண்மை விளங்கும். வலக்கை ஆட்டக்காரர் பந்தை முன்கையால் அடிக்கும்போது அவருடைய மார்பும் முகமும் அவரது வலப்பக்கம் நோக்கித் திரும்புகின்றன. அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு முகம், மட்டை, பந்து ஆகிய மூன்றும் ஒருங்கே தெரியும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கோ முதுகுதான் தெரியும்.

வலைக்கு இருபுறமும் ஆடுவோர் ஒருவரையொருவர் நோக்கி நிற்பதால், இருவரும் வலக்கை ஆட்டக்காரர்களாயின் எந்த நேரத்திலும் ஒருவர் முகத்தையும் மற்றவர் முதுகையும் அந்த இருக்கைக்குக் காட்டுவர். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கேம்கள் முடியும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் பக்கம் மாறுவர். அப்போது முதுகு காட்டியவர் முகம் காட்டுவார். ரஃபேல் நடாலைப் போன்ற இடக்கை ஆட்டக்காரர் களமிறங்கினால் இக்கணக்கு தலைகீழாகும்.

இதனை அறியாதவர் நல்ல இருக்கை வாய்க்கவில்லையே என வருந்துவார். அறிந்தவர் காத்திருப்பார். இருக்கை நகராவிட்டாலும் ஆட்டக்காரர் வருவார். வெயிலும் நிழலும் இடம் மாறும். தமக்குரிய கணம் தம் முன் வரும்வரை பொறுத்திருப்பதே பார்வையாளர் கற்கும் முதற்பாடம்.

பந்து கற்பிக்கும் கணக்கு

இரண்டாம் பாடத்தைக் கற்பிப்பது பந்து. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்படும் சர்வீஸ், ஒரு விநாடியில் ஏறத்தாழ 55 மீட்டர் பாயும். கருவியின் ஷட்டர் 250இல் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தால், அந்நேரத்திற்குள் பந்து 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் பந்துக்கு மாறாக ஒரு மஞ்சள் கோடுதான் பதியும். ஷட்டர் வேகத்தை 1,000இல் ஒரு பங்கு விநாடியாக்கினால் நகர்வு ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டராகக் குறையும். இது பந்தின் விட்டத்தைவிடச் சற்றே குறைவு. பகல் வெயிலில் இவ்வேகம் எளிது. மாலையில் மின்விளக்கொளியில் ஆட்டம் நடக்கும்போது லென்ஸின் துளையை அகலத் திறக்க வேண்டும். கருவியின் ஒளியுணர் திறனையும் உயர்த்த வேண்டும். அதற்கு விலையாகப் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும்.

பந்தின் நிறத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. வண்ணத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே 1972இல் மஞ்சள் பந்து விதிகளில் சேர்க்கப்பட்டது. விம்பிள்டன் போட்டி 1986இல்தான் வெள்ளைப் பந்திலிருந்து மஞ்சளுக்கு மாறியது. கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாமல் ஓடும் பொருளைக் காண்பதற்கு மனிதர் அதன் நிறத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

ஆயினும் கருவியின் வேகம் மட்டும் போதாது. பந்து மட்டையில் தங்கும் நேரம் 1,000இல் ஐந்து பங்கு விநாடி அளவே. அடி விழுவதைக் கண்டு விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. அதற்குள் அதே வேகத்தில் செல்லும் பந்து 11 மீட்டரைக் கடந்திருக்கும். ஆடுகளத்தின் மொத்த நீளமே 23.77 மீட்டர்தான். ஆகவே, கண்டபின் அழுத்துபவருக்குக் கிடைப்பது முடிந்துபோன ஒரு செயலின் படம். விநாடிக்குப் பத்துப் படங்கள் எடுக்கும் கருவியை இடைவிடாது இயக்கினாலும், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே பந்து ஐந்து மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எண்ணிக்கையைப் பெருக்குவதால் கணம் அகப்படுவதில்லை.

பின் எவ்வாறு அகப்படும்? பந்தைத் துரத்துவதை விட்டு, ஆடுபவரின் உடலைப் படிக்கத் தொடங்கும்போது அகப்படும். தோள் திரும்புகிறது, முழங்கால் மடிகிறது, மட்டை பின்னே செல்கிறது. அடி விழப்போவதை உடல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சர்வீஸ் செய்பவர் மேலே எறியும் பந்து உச்சியை அடைந்ததும் நொடிப்பொழுது நிலைத்து நிற்பதுபோல் தோன்றும். விண்ணோக்கிய முகமும் நீட்டிய கையும் வில்லாய் வளைந்த முதுகும் அப்போது ஒரே வடிவில் கூடும். ஆட்டத்தை அறிந்தவருடைய விரல் அந்தக் கணத்திற்கு முன்னரே அசையத் தொடங்கியிருக்கும்.

விருப்பத்தால் எடுத்த படங்கள்

தொழிலாக அன்றி, விருப்பத்தால் படமெடுத்தோர் உலக ஒளிப்படக் கலைக்கு வழங்கிய கொடை சிறிதன்று. பிரான்சு நாட்டின் ழாக் ஆன்ரி லார்த்திக் (1894 - 1986) அவர்களுள் முதன்மையானவர். கருவி கைக்கு வருமுன்பே, கண்களை அகலத் திறந்து மூடினால் கண்ட காட்சி உள்ளே சிறைப்பட்டுவிடும் என நம்பி விளையாடிய சிறுவர் அவர். தந்தை கருவியொன்றை வாங்கித் தந்தபின் ஓடுபவை, தாவுபவை, பறப்பவை அனைத்தையும் படமெடுத்தார். டென்னிஸில் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறுமுறை வென்ற சுசான் லெங்லென், பந்தை நோக்கி நிலம்விட்டு எழும்பிய கணத்தை அவர் படமாக்கினார்.

லார்த்திக் தம்மை ஓவியராகவே கருதினார். படங்களைத் தம் தொகுப்பேடுகளில் ஒட்டி வைத்திருந்தார். 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. அதன்பின்னரே உலகம் அவரை ஒளிப்படக் கலைஞராக அறிந்தது. தாம் வியந்ததை விருப்பத்தோடு படமெடுத்தமையால் அவருடைய படங்களில் அந்த வியப்பு மங்காமல் நிற்கிறது.

அறிந்தவர் கண்ணுக்குத் தெரிவது

எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஆட்டம் பற்றிய அறிவே காட்டும். 2008ஆம் ஆண்டு சென்னை ஓப்பன் அரையிறுதியில் நடாலும் அவருடைய நாட்டவரான கார்லோஸ் மோயாவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் மோதினர். மூன்று செட் கொண்ட ஆட்டத்திற்கு அது மிக நீண்ட நேரம். வென்ற நடால் மறுநாள் இறுதியாட்டத்தில் ரஷ்யாவின் மிகயீல் யூஷ்னியிடம் 6-0, 6-1 எனத் தோற்றார்.

முந்தைய நாள் ஆட்டத்தை அறியாமல் இறுதியாட்டத்திற்கு வந்த ஒருவர், புகழ்பெற்ற வீரரின் முன்கை அடியை எதிர்பார்த்து மட்டையையே நோக்கியிருப்பார். அறிந்து வந்தவரோ கால்களை நோக்கியிருப்பார். இடைவேளையில் வீரர் அமரும் விதத்தை நோக்கியிருப்பார். ஒரே அரங்கு, ஒரே ஒளி, ஒரே கருவி. எனினும் இருவரும் எடுக்கும் படங்கள் வேறு. முன்னவரின் படம் வீரர் இன்னார் என்று சொல்லும். பின்னவரின் படம் அன்று அவருக்கு நேர்ந்தது என்ன என்று சொல்லும்.

இடைவேளைகளும் படத்திற்குரியவை. பக்கம் மாறும்போது ஆட்டக்காரர்க்குக் கிடைக்கும் ஓய்வு 90 விநாடிகள். துண்டால் முகத்தை மூடிக்கொள்ளும் கை, தனக்குத்தானே பேசிக்கொள்ளும் உதடு, காலி இருக்கையை வெறிக்கும் பார்வை ஆகியன அப்போது தென்படும். அடியின் வலிமையைவிட ஆடுபவரின் உள்ளம் அந்த 90 விநாடிகளில் மிகுதியாக வெளிப்படும்.

கண்ணியம்

படமெடுக்கும் உரிமையோடு கடமையும் பிணைந்திருக்கிறது. கருவியின் மின்னொளியை அணைத்துவிட வேண்டும்; எதிர்வரும் பந்தை நோக்கும் கண்ணில் திடீரென ஒளி பட்டால் ஓராண்டுப் பயிற்சியின் பயன் ஒரு கணத்தில் வீணாகலாம். குவியம் பொருந்தியதைத் தெரிவிக்கும் ஒலியையும் நிறுத்த வேண்டும். பக்கம் மாறும் வேளையில் மட்டுமே எழுந்து நடக்க வேண்டும். கருவியை உயர்த்திப் பின்னால் இருப்பவரின் பார்வையை மறைத்தலாகாது. அவரும் அதே ஆட்டத்தைக் காண வந்தவர்.

தோற்றவரைப் படமெடுப்பதில் இன்னும் நுட்பமான கேள்வி எழுகிறது. தோல்வியும் ஆட்டத்தின் ஒரு பகுதியே. அதனைப் படமெடுப்பது தவறன்று. ஆனால், நிலைகுலைந்த ஒருவரின் முகத்தை நகைப்பிற்குரிய பொருளாக்கிப் பரப்புவது அவரது உழைப்பை இழிவுபடுத்துவதாகும். எடுத்த படத்தை அதில் இருப்பவரிடமே காட்ட மனம் துணியுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்ல அளவுகோல்.

கருவியைத் தாழ்த்தும் நேரம்

இத்தனையும் கற்றவருக்கு இறுதியாக ஒரு பாடம் எஞ்சியிருக்கிறது. கருவியின் சிறு கண் வழியே நோக்குபவர் ஓர் ஆட்டக்காரரையே காண்கிறார். வலைக்கு அப்பாலிருந்து வரும் பதிலடி அவர் பார்வைக்கு வெளியே நிகழ்கிறது. டென்னிஸ் இருவருக்கிடையே நடக்கும் உரையாடல்; ஒருவருடைய சொற்களை மட்டும் கேட்பவருக்கு அதன் பொருள் முழுமையாக விளங்காது. நூறு படங்களோடு வீடு திரும்பியும், ஆட்டம் எந்தக் கேமில் திரும்பியது எனச் சொல்ல இயலாதவர் எதைக் கண்டார்?

2022 செப்டம்பரில் அதே நுங்கம்பாக்கம் அரங்கில் மகளிர்க்கான சென்னை ஓப்பன் நடந்தது. இறுதியாட்டத்தில் செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா, போலந்தின் மக்தா லினெட்டிடம் முதல் செட்டை இழந்து, அடுத்த இரண்டு செட்டுகளையும் வென்று பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 17. பள்ளி இறுதி வகுப்பு மாணவியின் வயது. இழந்த செட்டிலிருந்து ஓர் இளம்பெண் சிறிது சிறிதாக மீண்டெழுவதை எந்த ஒற்றைப் படமும் காட்டிவிட முடியாது. அதனை இருந்து, முழுமையாய்ப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, தேர்ந்த பார்வையாளர் சில கேம்களில் படமெடுப்பார்; சில கேம்களில் கருவியை மடியில் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் காண்பார். அவ்வாறு கண்டதே, அடுத்த படத்தை எப்போது எடுக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்கிறது. கருவி எத்தனை விரைவாக இயங்கினாலும், எதைப் பார்ப்பது என்பதைக் கண்ணும் மனமுமே முடிவுசெய்ய வேண்டும்.