மெதுவாகக் கரைவதும் மருந்துதான்!

எங்கள் வீட்டு அடுக்களையில் உப்புக்கு எப்போதும் இரண்டு ஜாடிகள். சாம்பார், ரசத்துக்குக் கல் உப்பு. மோருக்கும் ஆம்லெட்டுக்கும் தூள் உப்பு. "ஏம்மா இந்தப் பாகுபாடு?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கொதிக்கிறதுல எதைப் போட்டாலும் கரைஞ்சிடும். மோர்ல கல் உப்பைப் போட்டா கடைசி மடக்குலதாண்டி உப்பே தெரியும்" என்பார் அம்மா.

பிற்பாடு பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடமாகப் படித்ததும் இதையேதான். ஒரு பொருள் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதில் மூன்று விஷயங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. துகளின் அளவு, சூடு, கலக்குவது.

முதலில் துகளின் அளவு. எல்லாப் பக்கமும் 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கற்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 1,000 துண்டுகள் வரும். அத்தனையின் மேற்பரப்பையும் கூட்டினால் 60 சதுர சென்டிமீட்டர். எடை கூடவில்லை; ஆனால் தண்ணீர் தொடும் இடம் பத்து மடங்காகிவிட்டது. பொங்கலுக்கு வெல்லத்தைப் பொடித்துப் போடுவது இதனால்தான்.

அடுத்தது சூடு. சூடான தண்ணீரின் மூலக்கூறுகள் வேகமாக ஓடும். சர்க்கரையில் மோதி, அதைப் பிரித்து இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரை விஷயத்தில் இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 200 கிராம் சர்க்கரைதான் கரையும். கொதிநிலையில் 480 கிராமுக்கு மேல் கரையும். உப்பு அப்படியில்லை. சாதாரண நீரில் 36 கிராம், கொதிநீரில் 39 கிராம், அவ்வளவுதான். ஆக, 'எவ்வளவு கரையும்' என்பது ஒரு கணக்கு, 'எவ்வளவு வேகமாகக் கரையும்' என்பது வேறு கணக்கு.

மூன்றாவது, கலக்குவது. டம்ளரின் அடியில் தங்கிய சர்க்கரையைச் சுற்றி, ஏற்கெனவே இனிப்பு ஏறிய நீர் ஒரு மெல்லிய போர்வைபோல மூடியிருக்கும். அது விலகினால்தான் புதுத் தண்ணீர் சர்க்கரையைத் தொட முடியும். ஸ்பூன் செய்வது அந்த வேலையைத்தான். டபராவில் காபியை ஆற்றும்போது சூடு தணிவதோடு இந்த வேலையும் நடந்துவிடுகிறது.

1897-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆர்தர் நோயஸ், வில்லிஸ் விட்னி என்ற இருவர் இதை அளந்தே பார்த்தார்கள். நீரில் கரைந்த பொருள் சேரச் சேர, மேற்கொண்டு கரையும் வேகம் குறைந்துகொண்டே வரும் என்பதைச் சமன்பாடாக எழுதினார்கள். இன்று மாத்திரை தயாரிப்பவர்கள் நம்பியிருப்பது இந்தக் கணக்கைத்தான். உடலின் சூடான 37 டிகிரியில் திரவத்தை வைத்து, சின்னத் துடுப்பு ஒன்று ஒரே வேகத்தில் சுற்ற, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு மருந்து கரைகிறது என்று சோதிப்பார்கள்.

இந்த மாத்திரைக் கணக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்பாவால்.

லேசான பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு விழுங்குவது சிரமமாகிவிட்டது. மாத்திரை தொண்டையிலேயே நிற்கும்; கண்ணில் நீர் வரும்வரை இருமுவார். பார்த்துக்கொண்டிருக்கவே முடியாது. "கல்வத்துல பொடிச்சு, கஞ்சியில கலந்து குடுத்துடலாம்" என்றார் அம்மா. நியாயமாகத்தான் பட்டது. மாத்திரை பொடிக்கும் டப்பா இருக்கிறதா என்று தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன்.

அங்கிருந்த பெண் டப்பாவை எடுக்கவில்லை. "சீட்டைக் காட்டுங்கக்கா" என்று வாங்கிப் பார்த்தார். சர்க்கரை மாத்திரையின் பெயரில் விரல் வைத்தார். "இதைப் பொடிக்கவே கூடாதுக்கா. பக்கத்துல எஸ்.ஆர்.னு இருக்கு பாருங்க."

எஸ்.ஆர். என்றால் மெதுவாக மருந்தை விடும் மாத்திரை. அப்பாவுடையது மெட்ஃபார்மின். வயிற்றில் ஈரம் பட்டதும் அது கூழ்போல ஊறும். அதன் வழியே மருந்து மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பொடித்தால் அந்த ஏற்பாடே போய்விடும். நாள் முழுவதற்கும் உள்ள மருந்து ஒரேயடியாகக் கரைந்து இறங்கும். மெட்ஃபார்மின் என்றால் வயிற்றைப் புரட்டும், பேதியாகும். சில ரத்த அழுத்த மாத்திரைகளை இப்படிப் பொடித்தால் அழுத்தம் திடீரெனச் சரியலாம். கடும் வலிக்குத் தரும் சில மாத்திரைகளில் உயிருக்கே ஆபத்து.

வேறு சில மாத்திரைகளின் மேல்பூச்சு வயிற்று அமிலத்தில் கரையாது. குடலுக்குப் போன பிறகுதான் கரையும். அதைப் பொடித்தால் வயிறு புண்படும், அல்லது மருந்து வழியிலேயே வீணாகும். சில எஸ்.ஆர். மாத்திரைகள் மலத்தோடு முழுசாக வெளியே வந்ததுபோலத் தெரியும். பயப்பட வேண்டாம், மருந்து போனபின் மிஞ்சிய வெறும் கூடு அது.

அவர் சொன்னபடி டாக்டரிடம் போனோம். அதே மருந்தைப் பொடிக்கக்கூடிய சாதாரண மாத்திரையாக, வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்து எழுதிக் கொடுத்தார். இப்போது ராகிக் கஞ்சியோடு தகராறு இல்லாமல் உள்ளே போகிறது.

வீட்டில் அம்மாவிடம் விளக்கியபோது, "சீக்கிரம் கரையத்தானே பாடுபடுவோம்? மெதுவா கரையறதுக்குன்னு ஒரு மாத்திரையா?" என்று ஆச்சர்யப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "இருமலுக்குப் பனங்கற்கண்டைப் பொடிச்சா குடுக்கறோம்? வாயில அடக்கிக்கோன்னுதானே சொல்றோம். அது மாதிரிதான் போல."

இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் வீட்டிலும் விழுங்கச் சிரமப்படும் பெரியவரோ குழந்தையோ இருக்கலாம். மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். போன்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றாலும் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். கேப்ஸ்யூலைப் பிரிப்பதற்கும் இதே விதிதான். "இதைப் பொடிக்கலாமா?" என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். கூடாது என்றால், சிரப்பாகவோ நீரில் கரையும் மாத்திரையாகவோ வேறு வழி பெரும்பாலும் இருக்கும்.