ஃபீஸ் நோட்டீஸுக்கு அடியில்

எங்கள் கணிதத் துறை நோட்டீஸ் போர்டில் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி கொட்டை எழுத்தில் இருக்கும். எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சி அறிவிப்பு அதற்கு அடியில் பாதி மறைந்து கிடக்கும். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-ல் தொடங்கியது. நான்கு வாரம். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. போர்டில் இருப்பதை நோட்டில் இறக்கிக்கொள்ளும் வேலையெல்லாம் அங்கே நடக்காது. 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பதில் நம்மிடமிருந்துதான் வரவேண்டும். தேற்றத்தை மனப்பாடம் செய்தே மார்க் வாங்கியவர்களுக்கு (நம்மில் பாதிப்பேர்!) வயிற்றைக் கலக்கும்தான்.

விண்ணப்பிக்க ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டே என் வகுப்பில் சிலர் விட்டுவிட்டார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்தான் அவர்களில் அதிகம். நன்றாகக் கணக்குப் போடுகிறவர்கள். கேளுங்கப்பா, சார் கடித்துவிட மாட்டார்.